ஒரு படி தவிடும் ஒரு பிறந்த தேதியும்

மனிதன் பிறப்பது ஒரு சாதனையே அல்ல. குற்றாலத்துக் குரங்கும்தான் பிறக்கிறது. பிறந்த மறுநாளே தாயின் வயிற்றைக் கவ்விக்கொண்டு, எந்தக் காரின் கண்ணாடி இறங்கியிருக்கிறது என்று பார்க்கக் கிளம்பிவிடுகிறது. தன் பிறந்த தேதி அதற்குத் தெரியாது, கேட்பாரும் கிடையாது. பிறந்ததை நிரூபிக்கிறான் பாருங்கள், அங்கேதான் மனிதன் மனிதனாகிறான். அந்த உயர்ந்த காரியத்துக்கென்றே தென்காசியில் ஓர் அலுவலகம் எழுந்தது. பெயர், 'அருவிச் சேவையாளர் அடையாளச் சரிபார்ப்பு மையம்'.

மையம் ஒரு புரோட்டாக் கடையின் மாடியில் இருந்தது. எந்தத் துறையின் கீழ் வருகிறது என்ற வரி மட்டும் பெயர்ப்பலகையில் சாரல் பட்டு அழிந்துபோயிருந்தது. ஆகவே புகார் கொடுக்க நினைத்தவர்களுக்கு எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை. புகாரே வராத அலுவலகம் என்ற நற்பெயர் முதல் மாதமே மையத்துக்குக் கிடைத்துவிட்டது.

அதன் தலைவர், சரிபார்ப்பு அலுவலர் லிங்கேஸ்வரன். சர்வீஸ் புத்தகப்படி வயது ஐம்பத்தெட்டு. கழுத்துக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பெல்ட், நாற்காலிக்கு ஒரு தலையணை என்று தன் உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகப் பராமரித்து, முழு மனிதராக நாட்டுக்கு உழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கொள்கையை அவரே பிரிண்ட் எடுத்து, தலைக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்: 'மனிதன் பொய் சொல்லுவான், ஆவணம் சொல்லாது.'

இந்த வருஷச் சீசனுக்கு மையம் ஒரு 'சீர்திருத்தம்' கொண்டுவந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறவர்கள் எல்லாரும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட வேண்டும். அறுபது வயது ஆனவர்களுக்கு அட்டை இல்லை. காரணம், பாறை வழுக்கும். பாறை எல்லா வயதுக்கும்தான் வழுக்கும் என்றாலும், அறுபதுக்கு மேல் வழுக்கினால் கோப்பு தடிமனாகும் என்பது மையத்தின் தொலைநோக்கு.

இந்தச் சீர்திருத்தத்தில் வழுக்கி விழுந்த முதல் ஆள் மாரிராஜ்.

மாரிராஜுக்கு ஐம்பத்தாறு முடிந்து ஐம்பத்தேழு நடக்கிறது. எட்டு வயதில் செங்கல் சூளையில் மண் மிதிக்கத் தொடங்கி, பதினெட்டு வயதில் ஐந்தருவிக்கு வந்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர். முப்பத்தெட்டு சீசனாக ஒரே கல். அருவிக்கரையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு கல். அந்தக் கல்லில் அடுத்தவன் கிண்ணம் வைக்க மாட்டான். ஆனால் ஒரு சீசன் முழுக்கக் கல் காலியாகக் கிடந்துவிட்டால் அது யாருக்கும் சொந்தம். பிரசவம், சாவு, கால் முறிவு என்று எந்தக் காரணமும் செல்லாது. மாரிராஜ் தன் அப்பாவைப் புதைத்துவிட்டு மூன்றாம் நாளே கல்லுக்கு வந்தவர்.

ஆதார் அட்டையில் அவருக்கு வயது அறுபத்து மூன்று.

அது எப்படி ஏழு வயது கூடியது என்றால், சொல்வதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பு ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கேம்ப் போட்டு அட்டை எடுத்தபோது, லேப்டாப் வைத்திருந்தவர் இவரை ஏற இறங்கப் பார்த்து, "பெரியவரே, ஒரு அம்பது இருக்குமா?" என்றார். மாரிராஜுக்கு அப்போது நாற்பத்து மூன்று. ஆனால் படித்தவர் மரியாதையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்லி அவர் மனசைப் புண்படுத்தக் கூடாதென்று, "இருக்கும் சார்" என்றார். ஜனவரி ஒன்று, அறுபத்திரண்டு என்று விழுந்தது. செங்கல் சூளை வெயில் முகத்தில் எழுதியிருந்ததைத்தான் அவர் தட்டினார். இதில் தவறு யாருடையது என்று பார்த்தால், வெயிலுடையது.

"அம்பதுன்னா அம்பதுன்னு தலையாட்டிட்டு வந்தியளே," என்றாள் மனைவி தங்கத்தாய், சுளகில் பீடி சுற்றிக்கொண்டே. "நல்லவேளை, செத்துப் போயிட்டீரான்னு கேக்கல. அதுக்கும் இருக்கும் சார்னு சொல்லியிருப்பிய."

"ஏட்டி, படிச்ச ஆளு கேக்காரு."

"இப்ப கல்லு போயிரும்லா. சாரல் விழ ஆரம்பிச்சாச்சு. போயி பெட்டியத் துழாவுங்க. ஒங்க அப்பா ஏதோ சீட்டு வச்சிருந்தாவளே."

பெட்டியில் சீட்டு இருந்தது. கிராமக் கணக்குப்பிள்ளை தன் கையால் எழுதிக் கொடுத்த பிறப்புப் பதிவு நகல். மசி மங்கியிருந்தாலும் தேதி தெளிவாக இருந்தது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு, புரட்டாசி ஏழு. அடியில் வட்டமாக ஒரு சீல். மாரிராஜ் அதை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் வயதுக்கு ஒரு சாட்சி கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் இளமை திரும்பியது போலக்கூட இருந்தது.

லிங்கேஸ்வரன் சீட்டை இரண்டு விரலால் தூக்கி, வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுல கட்டம் எங்கவே?"

"என்ன கட்டம் சார்?"

"கியூ.ஆர். கட்டம். போனைக் காட்டினா விவரம் வரணும். கட்டம் இல்லாத சீட்டு எல்லாம் இப்ப செல்லாது."

"இது கணக்குப்பிள்ளை எழுதினது சார். அறுபத்தெட்டுல போனு இல்ல."

"அது கணக்குப்பிள்ளையோட குறைபாடு," என்றார் லிங்கேஸ்வரன் பெருந்தன்மையாக. "வயசானவரு, விட்டுருவோம். நீரு போயி கட்டத்தோட வாரும்."

மறுநாள் மாரிராஜ் கட்டத்தோடு வந்தார். கல்யாணத்துக்காக எழுதிய ஜாதகம். பன்னிரண்டு கட்டம், மஞ்சள் தடவி.

லிங்கேஸ்வரன் அதையும் பார்த்தார். அவர் எதையும் பார்க்காமல் தள்ளுபடி செய்கிறவர் அல்ல.

"இந்தக் கட்டத்துல போனைக் காட்டினா என்னவே வரும்?"

"ஏழரைச் சனி வரும்னு சொன்னாவ சார்."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஸ்வாதி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். அவள்தான் மையத்தின் தகவல் உள்ளீட்டாளர். மையத்தில் வேலை செய்கிற ஒரே ஆள் என்றும் சொல்லலாம், ஆனால் அது அலுவலரை அவமதிப்பதாகும்.

லிங்கேஸ்வரன் மனம் இரங்கினார். "சரி, ஒரு வழி சொல்லுதேன். இந்தக் கணக்குப்பிள்ளை சீட்டையே சிறப்பு நேர்வா எடுத்துக்கிடுதேன். ஆனா பேர் எழுதவேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்லியே. ஆண் குழந்தைன்னு மட்டும்தான் இருக்கு."

"பேரு பொறவுதான சார் வச்சாவ."

"இந்தச் சீட்டுப்படி அறுபத்தெட்டுல ஒரு ஆண் குழந்தை பிறந்திருக்கு. அதுல எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்ல. ஆனா அந்தக் குழந்தை நீருதான்னு என்ன ஆதாரம்?"

மாரிராஜ் யோசித்தார். "நான் அங்கனதான் சார் இருந்தேன்."

"சாட்சி?"

"அம்மா இருந்தா."

"வரச் சொல்லும்."

"போய்ச் சேந்துட்டா சார்."

"அப்ப சாட்சி இல்ல." லிங்கேஸ்வரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் சாய்ந்தார். வலியிலும் கடமை தவறாத முகம்.

மாரிராஜின் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. "சார், பேப்பர் என்னத்துக்கு? முதுகைப் பாத்தா வயசு தெரியும் சார். முப்பத்தெட்டு வருசமா பாக்கேன். கை வச்சா ஒரு வருசம் முன்னப்பின்ன சொல்லிருவேன். எந்தத் தொழில்காரன வேணும்னாலும் என் முதுகைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. அம்பத்தாறுக்கு மேல ஒரு நாள் சொல்ல மாட்டான்."

"முதுகுல சீல் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப முதுகு செல்லாது," என்று தீர்ப்பளித்துவிட்டு, சீட்டை மறுபடி கையில் எடுத்த லிங்கேஸ்வரன் திடீரென்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏவே, ஒம்ம அம்மா பேரு என்ன?"

"பேச்சியம்மா சார்."

"இதுல தாயார் பாத்துமுத்துன்னு இருக்கு. தகப்பனார் முகைதீன்னு இருக்கு."

கீழே புரோட்டா அடிக்கிற சத்தம் மேலே வந்தது.

"அது ஒண்ணுமில்ல சார்," என்றார் மாரிராஜ். "என்னைய வித்துட்டாவ."

விஷயம் இதுதான். மாரிராஜுக்கு முன்னால் அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் பிறந்து நாற்பது நாள் தாண்டாமல் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது பிறந்ததும் ஊர்க்காரர்கள் எமனை ஏமாற்ற முடிவு செய்தார்கள். மாரிராஜ் பிறந்த ஆய்க்குடிப் பக்கம் அது ஒரு முறையான நடவடிக்கை. சுளகில் தவிட்டைப் பரப்பிப் பிள்ளையை அதில் கிடத்தினார்கள். பக்கத்துத் தெரு தறிக்காரர் முகைதீன் வீட்டு அம்மா பாத்துமுத்து வந்து, ஒரு படி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் மூன்று மாதத்துக்கு முன்புதான் ஒரு பிள்ளை பிறந்திருந்தது. வாங்கிய கையோடு பெற்றவளிடமே பிள்ளையைக் கொடுத்து, "ஏட்டி பேச்சி, இது என் பிள்ளை. பாலுக்கு மட்டும் ஒங்கிட்ட விட்டிருக்கேன்" என்று எமன் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். பேச்சியம்மாளின் பிள்ளையைத் தேடி வருகிற எமன் வெறும் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவான் என்பது ஏற்பாடு.

அந்த வாரம் பார்த்துக் கணக்குப்பிள்ளை பிறப்புக் கணக்கு எடுக்க வந்தார். எமனும் கணக்குப் பார்க்கிறவன், இவரும் கணக்குப் பார்க்கிறவர். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் தொடுப்பு இருக்கும் என்று ஊரில் ஒரு சந்தேகம். ஆகவே தெருவே ஒரே குரலில் பொய் சொன்னது. "இது பாத்துமுத்து பிள்ளைய்யா." அவர் எழுதிக்கொண்டார். எமன் பேரேட்டைப் பார்த்திருப்பான் போல, வரவேயில்லை. அரசு ஆவணங்களை மதித்து நடப்பவன் எமன் ஒருவன்தான் என்பதற்கு மாரிராஜ் உயிருள்ள சாட்சி. ஊரில் அவருக்கு இன்றுவரை பெயர் 'தவுடு'.

இதையெல்லாம் கேட்ட லிங்கேஸ்வரன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"வித்தது சரி. பத்திரம் பதிஞ்சிருக்கா?"

"தவிட்டுக்கு யாரு சார் பத்திரம் பதிவா?"

"திருப்பி வாங்கினாவளா?"

மாரிராஜ் தலையைச் சொறிந்தார். முறைப்படி பிள்ளைக்குக் காது குத்தும்போது ஒரு படி தவிடும் ஒரு கோழியும் கொடுத்துத் திருப்பி வாங்க வேண்டும். கோழி வாங்க வக்கில்லாமல் அப்பா தள்ளிப்போட்டார். பிறகு எல்லாரும் மறந்துபோனார்கள். பாத்துமுத்து மட்டும் மறக்கவில்லை. நோன்புக் காலத்தில் ஒரு தூக்குவாளி கஞ்சி, "எம் பிள்ளைக்கு" என்று கடைசிவரை வந்துகொண்டிருந்தது.

"இல்ல சார். திருப்பி வாங்கல."

"அப்ப சட்டப்படி நீரு இன்னும் அந்த அம்மா பிள்ளைதான். பேரு எப்படி மாரிராஜ் ஆச்சு? எப்ப மாறினீரு? கெசட்ல போட்டீரா?"

"நான் எங்கயும் மாறல சார். அங்கனதான் கெடக்கேன்."

"ஒண்ணு செய்யும்," என்றார் லிங்கேஸ்வரன். இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கருணை பொங்கும். "அந்த அம்மா வகையறால யாராவது உயிரோட இருந்தா கூட்டிட்டு வாரும். இவரு எங்க வீட்டுப் பிள்ளைதான்னு ஒரு உறுதிமொழி குடுத்தா, சீட்டை ஏத்துக்கிட்டு வயசைப் போட்டுருதேன்."

பாத்துமுத்துவின் மகன் காஜா இருந்தார். மூன்று மாதம் மூத்தவர். இருபத்தாறு வருஷம் சவூதியில் தம்மாமில் ஓட்டிவிட்டு வந்து, இப்போது தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் கடையை மகள் மிஸ்ரியாவிடம் ஒப்படைத்துவிட்டு, பாஸ்போர்ட்டும் கையுமாகக் கிளம்பினார்.

"ஏலே தவுடு, அம்பத்தாறு வருசத்துக்குப் பொறவு சொத்துல பங்கு கேக்க வந்திருக்கியோ?"

"ஒரு படி தவிட்டுல பாதியக் குடும் காஜாண்ணே, போதும்."

மையத்தில் காஜா கணீரென்று சொன்னார். "இவன் எங்க உம்மா வாங்கின பிள்ளை சார். எங்க வீட்டுப் பிள்ளைதான். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன்."

லிங்கேஸ்வரன் திருப்தியாகத் தலையசைத்தார். "ஸ்வாதி, ஏத்தும்மா."

ஸ்வாதி ஏற்றினாள். தாயார் பாத்துமுத்து. முதல் பிள்ளை காஜா, பாஸ்போர்ட்டில் உள்ளபடி அறுபத்தெட்டு ஜூன். இரண்டாவது பிள்ளை, அறுபத்தெட்டு செப்டம்பர். தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"சார், சிஸ்டம் எடுக்க மாட்டேங்கு. செவப்பாக் காட்டுது."

"என்ன சொல்லுது?"

"ஒரே அம்மாவுக்கு மூணு மாச எடவெளியில ரெண்டு பிள்ளை பிறக்காதாம் சார்."

லிங்கேஸ்வரன் எழுந்து வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். திரை சிவந்துதான் இருந்தது. அவர் முகம் பிரகாசமானது. ஒரு பெரிய மோசடியை இயந்திரம் கண்டுபிடித்துவிட்டதல்லவா.

"பாத்தீரா. மனுசனை ஏமாத்தலாம். இதை ஏமாத்த முடியுமா?"

"யாரு சார் ஏமாத்தினா? தவிட்டுக்கு வாங்கினதுன்னு சொன்னேம்லா."

"தவிட்டுக்கு இதுல காலம் இல்லவே." காலம் என்றால் திரையில் உள்ள கட்டத்தைச் சொன்னார். "இப்ப ஒரே வழிதான். ரெண்டு பேர்ல ஒருத்தர் அந்த வருசம் பிறக்கலன்னு எழுதிக் குடுக்கணும்."

காஜா பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "எனக்கு ஆட்சேபணை இல்ல சார். நான் பிறக்கலன்னே போட்டுருங்க. பிறந்து தம்மாம்ல வேகாத வெயில்ல நின்னதுதான் மிச்சம்."

"காஜாண்ணே, சும்மா இரும்," என்றார் மாரிராஜ். "பாஸ்போர்ட்டு செல்லாது, கடை லைசென்சு செல்லாது, மிஸ்ரியா தகப்பன் இல்லாத பிள்ளை ஆயிருவா. என் கல்லுக்காக ஒம்மைப் பிறக்காம ஆக்கிட்டு நான் எங்கன போயி நிக்க?"

"அப்ப கோப்பு நிலுவை," என்றார் லிங்கேஸ்வரன். எந்தப் பக்கமும் சாயாத நடுநிலையோடு சொன்னார். இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வலித்தது என்பதும் ஒரு காரணம்.

சீசன் உச்சத்துக்கு வந்தது. ஐந்தருவியில் ஐந்து கிளையும் வெள்ளையாக விழுந்துகொண்டிருக்க, அட்டை இல்லாத மாரிராஜ் காவலுக்குப் பயந்து மிளகாய் பஜ்ஜிக் கடை ஓரமாக நின்று தன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் காலியாகத்தான் இருந்தது. மற்றவர்கள் மரியாதைக்கு விட்டுவைத்திருந்தார்கள். அந்த மரியாதைக்கும் சீசன் முடிகிறவரைதான் ஆயுள். பக்கத்துக் கல்லில் மட்டும் புதிதாக ஜெபஸ்டின் நின்றான். வயது இருபத்து நான்கு. போன மாதம்வரை ஆலங்குளத்தில் பிரிட்ஜ் டெலிவரி செய்தவன். இதுவரை எந்த முதுகையும் தொட்டதில்லை என்றாலும், கட்டம் போட்ட பிறப்புச் சான்றிதழ் இருந்ததால் ஒரே நாளில் 'அங்கீகரிக்கப்பட்ட மசாஜ் வல்லுநர்' ஆகியிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை லிங்கேஸ்வரன் கள ஆய்வுக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் பதிவேட்டோடு ஒவ்வொரு கழுத்திலும் அட்டையைச் சரிபார்த்தார். ஆய்வின் ஒரு பகுதியாக அருவியிலும் நின்றார். அருவிக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. சரியாக நடு முதுகில் போட்டது. வெளியே வரும்போது வளைந்த வாக்கில் அப்படியே பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை, உட்கார முடியவில்லை. பதிவேடு மட்டும் கையில் நிமிர்ந்து இருந்தது.

ஜெபஸ்டின் பாய்ந்து வந்தான். அட்டையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பிரிட்ஜைச் சாய்த்துத் தூக்குகிற மாதிரி ஒரு பிடி பிடித்தான்.

"எய்யா விடுலே, விட்டுருலே," என்றார் லிங்கேஸ்வரன். எந்தக் கோப்பிலும் அவர் இவ்வளவு சுருக்கமாக உத்தரவு போட்டதில்லை.

"அண்ணாச்சி," என்று ஜெபஸ்டின் பஜ்ஜிக் கடையைப் பார்த்துக் கத்தினான். "மாரி அண்ணாச்சி, இங்கன செத்த வாங்க. இது எனக்கு ஆகாது."

மாரிராஜ் நிதானமாக வந்தார். "என்கிட்ட அட்டை இல்லியே சார்."

"இப்ப அதெல்லாம் யாருவே கேட்டா?"

"நீங்கதான் சார் கேட்டீங்க."

அவரைத் தன் கல்லில் குப்புறப் படுக்க வைத்தார். முப்பத்தெட்டு வருஷத்துக் கல். ஆள் படுக்கிற அளவுக்குத் தேய்ந்து குழிந்திருந்தது. எண்ணெயைக் கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டு, கழுத்தடியில் தொடங்கி இடுப்புவரை இரண்டு கட்டை விரலையும் ஓட்டினார். ஓடிய விரல் ஓரிடத்தில் நின்றது. மறுபடி மேலே போய், மறுபடி ஓடி, அதே இடத்தில் நின்றது.

"சார், ஒங்க வயசு என்ன?"

"அம்பத்தெட்டு."

"முதுகு அப்படிச் சொல்லலியே. இது அறுபத்தொண்ணு சார். கூடிப்போனா ரெண்டு. குறையாது."

"முதுகுக்கு என்னவே தெரியும்? அழுத்தும்."

மாரிராஜ் அழுத்தினார். வலி கழன்று ஓடுகிறபோது மனிதனுக்கு வாயும் கழன்றுகொள்ளும். அருவிக்கரையில் இது சகஜம். கேட்காமலேயே குடும்பக் கதை எல்லாம் வரும். லிங்கேஸ்வரனும் கண்ணை மூடிக்கொண்டு, சுகமாகப் பேசத் தொடங்கினார்.

"நல்ல கைவே ஒமக்கு. என் தம்பியையும் கூட்டிட்டு வரணும். அவனுக்கும் இதே பிடிப்பு. வாசுதேவநல்லூர்ல இருக்கான். கவர்மென்ட் வேலை. மே மாசம்தான் ரிடையர் ஆனான்."

விரல் நின்றது.

"யாரு சார், தம்பியா?"

"ஆமா."

"கூடப் பிறந்த தம்பியா?"

"அதாம்வே. எனக்கு அடுத்தவன்."

"அறுபது ஆயி ரிடையர் ஆயிட்டாவ."

"ஆமா. எனக்கு இன்னும் ரெண்டு வருசம்..." என்று தொடங்கிய லிங்கேஸ்வரன், வாக்கியத்தின் பாதியில் கண்ணைத் திறந்தார். ஆனால் குப்புறப் படுத்திருந்ததால் பாறை மட்டும்தான் தெரிந்தது.

அருவி இரைந்துகொண்டிருந்தது. அடுத்த கல்லில் இருந்த ஜெபஸ்டினுக்குக்கூட ஒன்றும் கேட்கவில்லை. மாரிராஜ் குனிந்து, காது ஓரமாகக் கேட்டார். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"சார், எங்க அம்மாக்கு மூணு மாசத்துல ரெண்டு பிள்ளைன்னதும் செவப்பாக் காட்டிச்சுல்லா அந்த சிஸ்டம். அண்ணன் பிறக்கதுக்கு ரெண்டு வருசம் முந்தியே தம்பி பிறந்தா அது என்ன கலர் சார் காட்டும்?"

லிங்கேஸ்வரனின் முதுகுத் தசை கையடியில் ஒரு முறை துள்ளி அடங்கியது.

"பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ஒங்க அப்பா மூணு வருசம் கொறச்சிட்டாவ போல. தப்பு இல்ல சார். பெத்தவங்க பிள்ளைக்காகத்தான பொய் சொல்லுதாவ. எங்க வீட்ல சொன்னது நான் சாகாம இருக்கதுக்கு. ஒங்க வீட்ல சொன்னது நீங்க ரிடையர் ஆகாம இருக்கதுக்கு."

"வே, கொஞ்சம் மெதுவா."

"முதுகையா சார், பேச்சையா?"

"ரெண்டையும்தான்."

மாரிராஜ் இரண்டையும் மெதுவாக்கினார். இன்னும் கால் மணி நேரம் பொறுமையாகத் தேய்த்து, கடைசியில் தோளைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம். லிங்கேஸ்வரன் எழுந்து நின்றார். பல வருஷத்துக்குப் பிறகு நேராக நின்றார். நின்றவர் மாரிராஜின் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கள்கிழமை மத்தியானத்துக்குள் அட்டை வந்துவிட்டது. ஸ்வாதியே பஸ் ஏறி ஐந்தருவிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். பெயர் மாரிராஜ். வயது ஐம்பத்தாறு. தாயார் பெயர் என்ற இடத்தில், தகராறே வேண்டாமென்று, பேச்சியம்மாள், பாத்துமுத்து என்று இரண்டு பேரையும் போட்டிருந்தார்கள்.

"சிஸ்டம் எடுத்துக்கிட்டாம்மா?" என்றார் மாரிராஜ்.

"சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டுக் கையால எழுதச் சொல்லிட்டாரு," என்றாள் ஸ்வாதி. "அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை மாதிரியே எழுதினேன். ரெண்டு நாளைக்கு முந்திவரைக்கும் கட்டம் இல்லாம எதுவும் செல்லாதுன்னாரு. என்ன சொன்னிய அவருகிட்ட?"

"ஒண்ணுஞ்சொல்லலம்மா. குடும்பத்த விசாரிச்சேன்."

சாயங்காலம் தங்கத்தாய் அட்டையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போட்டோவில் மாரிராஜ் எமனையே பார்த்த மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். "அம்பத்தாறுன்னு போட்டிருக்கு. மூஞ்சி எழுபதுன்னு சொல்லுது. யாரும் கேட்டா இருக்கும் சார்னு சொல்லித் தொலச்சிராதிய," என்று சொல்லி, அட்டையை அவர் கழுத்தில் அவளே மாட்டிவிட்டாள்.

மையம் அந்த வாரமே இன்னொரு சுற்றறிக்கையும் வெளியிட்டது. மசாஜ் பணியாளர்கள் வாடிக்கையாளரின் வயது, உடன்பிறந்தோர், ஓய்வுபெற்ற உறவினர்கள் ஆகியவை குறித்துப் பேசுவது இனிமேல் தண்டனைக்குரிய குற்றம். பொதுமக்களின் நலன் கருதி எடுக்கப்பட்ட முடிவு என்று அதில் கண்டிருந்தது.

மாரிராஜின் கோப்பில் லிங்கேஸ்வரன் தன் அழகான கையெழுத்தில் இப்படி முடித்திருந்தார்: 'போதிய ஆதாரம் நேரில் சமர்ப்பிக்கப்பட்டதால், மனு ஏற்கப்பட்டது.' அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. மாரிராஜ்தான் விவரம் தெரியாத மனிதர். தன் பிறப்பை நிரூபிக்க ஒரு மாதம் படியேறி இறங்கினார். அதிகாரியின் பிறப்பை நிரூபித்திருந்தால், முதல் நாளே கொடுத்திருப்பார்கள்.